பெயர் சொல்லாத நகரம்
பெர்லின் பற்றிய மூன்று நாவல்களும் சில உடன்படிக்கைகளும்

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் விடுதி நண்பர்கள் சேர்ந்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். அதன் மூன்றாவது இதழில் ஜோன் லெ காரேயின் 'குளிரிலிருந்து வந்த ஒற்றன்' நாவலைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். இரு வல்லரசுகளும் ஒன்றே, மனிதன் இருவருக்கும் சதுரங்கக் காய் மட்டுமே என்பது அதன் முடிவு. நண்பர்கள் பாராட்டினார்கள். விரிவுரையாளர் ஒருவர் அதை வகுப்பில் வாசித்தும் காட்டினார். இருபது வருடங்களின் பின் அந்நாவலையும் அந்நகரைப் பற்றிய வேறு இரு நாவல்களையும் சேர்த்து வாசித்தபோது, அந்தக் கட்டுரைக்காக வெட்கப்பட நேர்ந்தது. இக்கட்டுரையை அதற்கான திருத்தமாகக் கொள்ளலாம்.

அந்த முடிவுக்கு நான் வந்த வழி எளிது. கலாசாலை நூலகத்தில் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. விடுதியில் கைமாறித் திரிந்தவை ஆங்கில உளவு நாவல்கள். இருவரையும் நம்பாதிருப்பதே பெரிய அறிவு என்று அன்று எண்ணினேன். உலக அரசியல் சார்ந்த நாவல்களைப் பேசவரும் நம் விமர்சகர்கள் பலர் இன்றும் அந்த இடத்திலேயே நிற்கின்றனர். அங்கு நிற்பது சுகமானது. யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. நகரில் வாழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கவும் தேவையில்லை.

நாவல்களுக்குச் செல்லுமுன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் பொருந்தும். இரண்டாம் உலக யுத்தம் முடியுமுன்னரே, 1944 செப்டெம்பரில், லண்டனில் பெர்லின் தாளில் பிரிக்கப்பட்டுவிட்டது. பின்னர் பிரான்சும் சேர்ந்து நான்கு பகுதிகள் ஆயின. நகரமோ சோவியத் வலயத்தின் நடுவில், மேற்கு எல்லையிலிருந்து 160 கிலோமீற்றர் அளவு உள்ளே இருந்தது. 1945 நவம்பரில் மூன்று வான்பாதைகள் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டன. தரைப் பாதைகளுக்கு அவ்வாறான எழுத்து எதுவும் இருக்கவில்லை. 1948 ஜூனில் சோவியத் தரப்பு முற்றுகையிட்டபோது, எழுத்தில் இல்லாத பாதைகள் மூடப்பட்டன. எழுத்தில் இருந்தவை திறந்திருந்தன. 2 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பறப்புகள் ஏறத்தாழ 20 இலட்சம் மக்களுக்கு உணவும் நிலக்கரியும் கொண்டு சேர்த்தன. ஒரு சொல் தாளில் இருப்பதும் இல்லாதிருப்பதும் மனிதரின் அடுப்பு எரிவதைத் தீர்மானித்தது என்பது எழுத்தை நம்பும் நாம் மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த நெருக்கடியிலும் சொல்லே முன்னுக்கு நின்றது. 1958 நவம்பரில் குருஷேவ் ஆறு மாதக் காலக்கெடு விதித்தார். 1961 ஜூனில் வியன்னாவில் கென்னடியும் அவரும் சந்தித்தும் இணக்கம் ஏற்படவில்லை. ஜூலை 25 ஆந் திகதி உரையில் கென்னடி தாம் காக்கப்போவதாகச் சொன்னது 'மேற்கு' பெர்லினை. அந்த அடைமொழிக்கு வெளியே இருந்தவர்களின் கதி பற்றி மொஸ்கோ தனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டது. 25 இலட்சத்துக்கும் அதிகமானோர் கிழக்கு ஜேர்மனியை விட்டு வெளியேறியிருந்த நிலையில், ஓகஸ்ட் 13 ஆந் திகதி எல்லை அடைக்கப்பட்டது. ஒக்டோபரில் அமெரிக்க இராஜதந்திரி ஒருவர் கலை நிகழ்ச்சியொன்றைப் பார்க்கக் கிழக்கே செல்கையில், கிழக்கு ஜேர்மன் காவலருக்குத் தமது கடவுச்சீட்டைக் காட்ட மறுத்தார். அதிலிருந்து மூண்ட தகராறில் 27 ஆந் திகதி இருதரப்பு யுத்த டாங்கிகளும் ஒன்றையொன்று குறிபார்த்து நின்றன. மறுநாள் காலை, திரைமறைவுப் பேச்சின் பின், ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. மதில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

இந்தப் பின்னணியில் 1963 இல் இரு நாவல்கள் வெளிவந்தன. ஒன்று லெ காரேயுடையது. மற்றையது கிழக்கு ஜேர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டா வோல்ஃபின் 'பிளவுண்ட வானம்'.

லெ காரேயின் நாவல் மதிலருகே தொடங்கி மதிலருகே முடிகிறது. கிழக்கிலிருந்து சைக்கிளில் தப்பிவரும் கார்ல் ரீமெக் முதல் அத்தியாயத்திலேயே சுடப்பட்டு விழுகிறான். இறுதியில் லீமாஸ், தன் காதலி லிஸ் சுடப்பட்டதைக் கண்டு, மேற்கே குதிக்காமல் கிழக்கே இறங்கி உயிரை விடுகிறான். முன்னாள் நாஸியான முண்ட் பிரித்தானியரின் ஆள் என்பதால் காப்பாற்றப்படுகிறான். நேர்மையான எதிரியான ஃபீட்லர், ஒரு யூதன், அதற்காகப் பலியாகிறான். தன் தரப்பின் கறையைத் தன் மொழியிலேயே எழுதிய துணிச்சலை இன்றும் மெச்சுகிறேன். ஆனால் முன்பு நான் காணாத ஒன்று இப்போது கண்ணில் படுகிறது. ரீமெக் விழுந்த பின் கதை லண்டனுக்கும் ஹொலண்டுக்கும் கிழக்கு ஜேர்மனிக்கும் போகிறது. பெர்லின் நகரத்தார் எவரும் அதில் வாழ்வதில்லை. கடைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பாடசாலையில் விடுகிறவர்கள், மறுபக்கத்தில் தாயை விட்டுவந்தவர்கள் இல்லை. நகரம் ஒரு மேடை. இரு வல்லரசுகளும் ஒன்றே என்ற முடிவு இவ்வளவு சுத்தமாக வருவதற்கு, இடையில் வாழ்ந்தவர்கள் மேடையில் இல்லாததே காரணம் என்று கருதுகிறேன்.

வோல்ஃபின் நாவலில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ரீட்டா ஆசிரியப் பயிற்சி பெறுபவள். புகையிரதப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலையும் செய்கிறாள். அவளது காதலன் மன்ஃபிரெட் இரசாயனவியலாளன். அவன் மேற்கு பெர்லினுக்குப் போய்விடுகிறான். 1961 ஓகஸ்ட்டின் முதற் பகுதியில் அவள் அவனைப் பார்க்கச் செல்கிறாள். நகரப் புகையிரதத்தில் ஒரு சீட்டு வாங்கினால் ஒரு வாழ்க்கையிலிருந்து இன்னொரு வாழ்க்கைக்குப் போய்விடலாம் என்றிருந்த கடைசி நாட்கள் அவை. அவள் திரும்பி வருகிறாள். பின்னர் நொறுங்கி வைத்தியசாலையில் கிடக்கிறாள். நாவல் அந்தக் கட்டிலிலிருந்தே பின்னோக்கிச் சொல்லப்படுகிறது. மதில் என்ற சொல்லை மட்டும் நாவல் சொல்வதில்லை.

இந்த மௌனத்தை எவ்வாறு வாசிப்பது? தணிக்கைக்கு அஞ்சியது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் அவளது உடல் நொறுங்கிய திகதியை வாசகர் எவரும் கணக்கிட்டுக்கொள்ள முடியும். சொல்லாமல் விடப்பட்டது நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் கனக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். 1959 தொடக்கம் 1962 வரை வோல்ஃப் அரச பாதுகாப்பு அமைச்சுக்குத் தகவல் தருபவராகப் பதியப்பட்டிருந்தார் என்பது 1993 இல் வெளிவந்தது. இந்நாவல் கருக்கொண்ட அதே வருடங்கள் அவை. பின்னர் அதே அமைப்பு அவரை நீண்டகாலம் கண்காணித்தது என்பதும் பதிவில் உண்டு. மறுபக்கத்தில் லெ காரேயும் மதில் எழுந்த வருடத்தில் பொன் நகரில் தூதரக அதிகாரி என்ற பெயரில் பணியாற்றிய பிரித்தானிய உளவுத்துறை ஆள்தான். ஆக 1963 இன் இரு நாவல்களும் மதிலுக்கு இருபுறமும் உளவு அமைப்புகளோடு தொடர்புற்ற கைகளால் எழுதப்பட்டவை. ஒருவருக்கு அது நாவலின் கவர்ச்சியாயிற்று, மற்றவருக்கு அழியாத களங்கமாயிற்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்று சொல்வோர் உளர். அயலவரைப் பற்றி அறிக்கை தருவது வேறு என்பது அவர்களின் வாதம். அதை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தராசை வோல்ஃபுக்கு மட்டும் எடுத்து, லெ காரேக்கு எடுக்காமல் விடும் வழக்கத்தை ஏற்க முடியாது. ரீட்டாவின் வேதனை அந்தப் பதிவேட்டால் பொய்யாகிவிடுவதுமில்லை.

1963 இன் இறுதியில் இன்னொரு பிரதியும் எழுதப்பட்டது. வில்லி பிராண்ட் மேயராக இருந்த மேற்கு பெர்லின் நகர நிர்வாகமும் கிழக்கு ஜேர்மன் அரசும் டிசம்பர் 17 ஆந் திகதி ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. மேற்கு பெர்லின்வாசிகள் நத்தார் காலத்தில் கிழக்கிலுள்ள உறவினரைப் பார்த்துவர அனுமதிச் சீட்டு வழங்குவது பற்றியது அது. இடங்களுக்கும் அதிகார அமைப்புகளுக்கும் பதவிகளுக்கும் பொதுவான பெயர்களில் இணக்கம் காண முடியவில்லை என்று அந்தத் தாளே ஒப்புக்கொள்கிறது. பெயரில் உடன்படாமலே வாசலைத் திறந்தார்கள். அந்தச் சில வாரங்களில் 12 இலட்சம் அளவிலான வருகைகள் பதிவாகின. பேசித் தீர்த்தவர்கள் வல்லரசுகளல்லர், நகரத்தாரும் அயலாரும். என் பழைய கட்டுரையில் இதற்கு இடமில்லை.

1971 செப்டெம்பர் 3 ஆந் திகதி நான்கு வல்லரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையும் இவ்வாறானதே. தலைப்பில் பெர்லின் என்ற சொல் இல்லை. முழு நகரமா, மேற்குப் பகுதி மட்டுமா என்று உடன்படாததால் 'சம்பந்தப்பட்ட பிரதேசம்' என்றே முதற் பகுதி பேசுகிறது. அதிகாரபூர்வப் பிரதிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் ஆகிய மொழிகளில். அந்நகரம் பேசிய மொழியில் இல்லை. மேற்கு பெர்லினுக்கும் மேற்கு ஜேர்மனிக்கும் உள்ள உறவைக் குறிக்கும் ஒரு சொல்லை மேற்கு ஜேர்மனி 'பிணைப்புகள்' என்ற பொருளிலும், கிழக்கு ஜேர்மனி வெறும் 'தொடர்புகள்' என்ற பொருளிலும் மொழிபெயர்த்துக்கொண்டு சர்ச்சைப்பட்டன. மொழிபெயர்ப்பாளரின் கைத்தவறு என்று நாம் கடந்துபோகும் இடத்தில் ஒரு நகரின் சட்ட நிலையே தொங்கியது. ஆயினும் அந்த மங்கலின் கீழ், 1972 முதல், மக்கள் மறுபக்கம் போய்வந்தனர்.

பீட்டர் ஷ்னைடரின் 'மதில் பாய்பவன்' (1982) இந்த மங்கலை எடுத்துச் சிரிக்கிறது. காபே என்பவன் மேற்கிலிருந்து கிழக்கே பதினைந்து தடவைகள் மதில் பாய்கிறான். ஏன் என்று கேட்டால், வீட்டில் பொழுது போகவில்லை என்ற பாணியில் பதில் வருகிறது. இருபுறமும் அவனை மனநல வைத்தியசாலைக்கே அனுப்புகின்றன. மேற்கின் சட்டம் அம்மதிலை ஒரு நாட்டின் எல்லையாக ஏற்பதில்லை. ஆகவே எல்லை மீறினான் என்று வழக்குத் தொடரவும் வழியில்லை. இன்னொரு கதையில் கிழக்குப் பையன்கள் மூவர் மேற்கில் படம் பார்க்க மதில் பாய்ந்து, பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். பாடசாலை மதில் பாய்ந்து தியேட்டருக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிரிப்பின் அடியில் ஷ்னைடர் வைப்பது கனமானது: கல் மதிலை இடிப்பதிலும் பார்க்க மனத்தினுள் எழுந்த மதிலை இடிக்கக் காலம் எடுக்கும் என்பது. 1989 நவம்பர் 9 இல் மதில் திறந்த பின்னரும் இந்த எச்சரிக்கை செல்லுபடியாயிற்று.

பத்தாந் தர மாணவருக்கு இதனைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். மதில் நகரை ஊடறுத்தது 43 கிலோமீற்றர். மேற்கு பெர்லினைச் சுற்றி முழுவதும் 155 கிலோமீற்றர். ஒரு மாணவன் எழுந்து, "சேர், அப்ப உள்ளுக்கு இருந்தது யாரு, வெளியில இருந்தது யாரு?" என்று கேட்டான். வட்டத்தைப் பார்த்தால் உள்ளே இருந்தவர்கள் மேற்கத்தியர்; வெளியேற முடியாதிருந்தவர்களோ வெளியே இருந்தவர்கள். அந்த மதிலில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தனர். அவனுக்கு இதைச் சொன்னபோது, இருபுறமும் ஒன்றே என்ற என் பழைய வாக்கியத்தை அவனுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இராஜதந்திரி பெயரைத் தவிர்ப்பதால் சிலவேளை ஒரு வாசல் திறக்கும். அதை ஏளனம் செய்வது நமக்கு அழகல்ல. இலக்கியத்தின் கடமை வேறு. அந்த வாசலால் யார் போனார்கள், யார் போகாமல் நின்றார்கள் என்று பெயர் சொல்ல வேண்டியது அதுவே. இந்த அளவுகோலின்படி லெ காரே வல்லரசுகளை நன்கறிந்தவர். வோல்ஃபும் ஷ்னைடரும் அந்நகரை அறிந்தவர்கள். மூவரையும் சேர்த்து வாசிக்குமாறு இளம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவரை மட்டும் வாசித்துவிட்டு முடிவுரை எழுதியவனின் கதியை மேலே சொல்லியிருக்கிறேன்.