மணல் மூட்டை எதை அளக்கிறது?

1860 ஜூலை 2ஆம் தேதி, லண்டனை அடுத்த விம்பிள்டன் வெளியில், பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் நடத்திய முதல் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்தார். விட்வொர்த் ரைஃபிள் ஒன்றை இரும்புத் தாங்கியில் பூட்டி, 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கை முன்கூட்டியே குறிபார்த்து வைத்திருந்தார்கள். விசையில் கட்டியிருந்த பட்டுக்கயிற்றை மகாராணி இழுத்தார். குண்டு மையத்துக்கு இரண்டு அங்குலத்துக்குள் போய்ப் பதிந்தது. அந்தக் குறியில் அவருடைய திறமை எள்ளளவும் இல்லை. துப்பாக்கியைச் செய்தவரின் திறமையும், தாங்கியைப் பொருத்தியவரின் பொறுமையும்தான் அதில் இருந்தன. தாங்கி என்ற சாதனத்தின் இயல்பே அதுதான்: ஆளைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. ஆளைக் கழிக்க வேண்டிய இடத்தில் அது அருமையான கருவி. ஆளை அளக்க வேண்டிய இடத்திலும் அதையே கொண்டுபோய் வைப்பதுதான் நம்மிடம் உள்ள கோளாறு.

பட்டுக்கோட்டைப் பக்கம் ரைஃபிள் பிடிக்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பள்ளி, கல்லூரி என்.சி.சி. மாணவர்கள் பாயிண்ட் 22 ரைஃபிளைக் குப்புறப் படுத்துச் சுடுகிறார்கள். வேறு சிலர் ஏர்ரைஃபிள் வாங்கி வைத்திருக்கிறார்கள். பாயிண்ட் 177 விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்போகாத ஏர்ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. (வடுவூருக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் பறவைகள் வந்திறங்கும் நாட்டில் இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உரிமம் வேண்டாம் என்பது கொக்கு சுடலாம் என்பதாகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.) முறையாகப் பழக விரும்புகிறவர் திருச்சி ரைஃபிள் கிளப்புக்குப் போகலாம். 2022 ஜூலையில் மாநிலப் போட்டி அங்கேதான் நடந்தது. நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டதால் ஊரே திரண்டு பார்த்தது. அவ்வளவு தூரம் போக முடியாதவருக்குக் கைகொடுப்பது முன்னால் கிடக்கும் மணல் மூட்டைதான்.

அதன் பெருமையை முதலில் சொல்லிவிடலாம். 10 மீட்டர் ஏர்ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 2.5 மி.மீ. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், முன்குறி 0.2 மி.மீ. விலகினாலே ஒரு புள்ளி போய்விடும். மூன்று தலைமுடிப் பருமன்கூட இருக்காது. மூச்சும் நாடித்துடிப்பும் இதைவிட அதிகமாகவே குழலை ஆட்டும். ஆகவே கையில் பிடித்துச் சுட்ட ஐந்து குண்டுகள் சிதறியிருந்தால் பழி யாருக்கு என்று புதியவரால் சொல்ல முடியாது: கைக்கா, குறிக்கா, ஈயக்குண்டுக்கா, தளர்ந்துபோன திருகாணிக்கா? மூட்டையில் வைத்து ஐந்து சுட்டால் கை கழிந்துவிடும். அப்போதும் சிதறினால் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து மையத்திலிருந்து தள்ளியிருந்தால் குறியைத் திருத்தினால் போதும். இந்தச் சோதனைக்கு மூட்டையை விட மலிவான வழி கிடையாது.

மூட்டையை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். எதை இட்டு நிரப்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெல்டாவில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நெல்லும் உமியும். எடை குறைவு என்று உமியை அடைத்தால் கட்டைவிரலால் அழுத்திய பள்ளம் விரலை எடுத்ததும் மேலெழும்பிவிடும்; துப்பாக்கியையும் அது அப்படித்தான் எழுப்பிவிடும். நெல் அழுத்திய இடத்தில் நிற்கும், ஆனால் எலியும் வண்டும் விட்டுவைக்காது. தென்னைநார்த் துகள் ஈரத்தை உறிஞ்சி ஐப்பசியில் ஒரு எடை, சித்திரையில் ஒரு எடை என்று மாறிக்கொண்டிருக்கும். மல்லிப்பட்டினம் கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. துணி வழியே கசிந்து இரும்பைத் துருவேற்றும். சலித்துக் காயவைத்த ஆற்றுமணலே உத்தமம். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, முக்கால் பங்கு மட்டும் நிரப்பித் தைத்தால், நடுவில் கையால் குத்திய பள்ளம் துப்பாக்கிக் கட்டையின் வடிவத்தை வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். முன்னால் ஒன்று, தோள்பக்கக் கட்டைக்குக் கீழே சிறிதாக ஒன்று. குழல் எக்காரணத்தைக் கொண்டும் மூட்டையைத் தொடக் கூடாது. குண்டு ஓடும்போது குழல் அதிர்கிறது; அந்த அதிர்வை ஓரிடத்தில் தடுத்தால் குண்டு விழும் இடமே மாறிவிடும்.

இத்தனை கவனத்தோடு செய்தாலும் ஒரு சிக்கல் தீராது. நம்மவர்கள் அதிகம் வைத்திருப்பது ஸ்பிரிங் ஏர்ரைஃபிள். விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னோக்கிப் பாய, துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. பிஸ்டன் எதிர்முனையில் நின்றதும் துப்பாக்கி முன்னோக்கித் துள்ளுகிறது. அத்தனையும் ஈயக்குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுகிறது. இறுகிய மூட்டைமேல் வைத்தால் இந்தத் துள்ளல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எதிரொலிக்கும். அசையாமல் இருக்கட்டும் என்று மூட்டையில் அழுத்திப் பிடிப்பவர் சிதறலைத் தாமே கூட்டிக்கொள்கிறார். இதற்கு மாற்று, விரித்த உள்ளங்கையை மூட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வைத்து, இறுக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் துப்பாக்கியை ஏந்துவது. எந்தத் துப்பாக்கியானாலும் சரி, மூட்டையில் வைத்துத் திருத்திய குறி கையில் எடுத்ததும் கொஞ்சம் விலகித்தான் இருக்கும். மூட்டையில் கண்ட புள்ளியைத் தம் புள்ளி என்று நம்பியவருக்கு அங்கேதான் அதிர்ச்சி.

ஒரு கேடட்டுக்குக் கிடைக்கும் ரவுண்டுகளே சொற்பம், அதையும் கையில் பிடித்துச் சிதறவிட்டால் பையன் மனம் விட்டுப்போகும், மூட்டை கொடுத்தால் முதல் நாளே நம்பிக்கை வரும் என்பார்கள் பயிற்சி தருபவர்கள். நியாயமான வாதம்தான். ஆனால் வந்த நம்பிக்கை எதன்மீது என்பதைப் பார்க்க வேண்டும். சர்வதேசப் போட்டியில் நின்று சுடுபவர் முன்னால் மூட்டை கிடையாது. அவர் தாங்கியைத் தம் உடம்பிலேயே கட்டுகிறார். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எடை முழுவதையும் தசையில் ஏற்றாமல் எலும்பு வழியே தரையில் இறக்குகிறார். படுத்துச் சுடுபவருக்குத் தோல்வார் உண்டு. ஆனால் முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும் என்கிறது விதி. இந்தக் கட்டுமானத்தைத்தான் முதல் நாளிலிருந்து கற்க வேண்டும். அதற்கு ரவுண்டே வேண்டாம். வெறும் ரைஃபிளை ஏந்திக் கண்ணை மூடித் திறந்து, குறி தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துப் பழகலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குமுன் சுட்ட சோதனைக் குண்டு நான்காம் வளையத்தில் விழுந்ததாக அபினவ் பிந்த்ரா பின்னர் எழுதியிருக்கிறார். கோளாறு கையிலா குறியிலா என்று நொடிகளில் தீர்மானிக்க வேண்டிய நிலை. குறிதான் கலைந்திருக்கிறது என்று முடிவுகட்டித் திருத்தினார், தங்கத்தோடு திரும்பினார். மூட்டையிடமே கேட்டுப் பழகியவருக்கு அந்தத் தீர்மானம் வராது.

தாங்கியோடு சுடுவதையே விளையாட்டாக வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். மேசையில் ரைஃபிளை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகள் உலகெங்கும் நடக்கின்றன. அங்கே கை கழிந்துவிடுவதால் போட்டி காற்றைக் கணிப்பதற்கும் தோட்டாவைத் தேர்வதற்கும் மாறிவிடுகிறது; யாரும் அதை நின்று சுடுவதோடு ஒப்பிட்டுப் பேசுவதில்லை. பாரா துப்பாக்கிச் சுடுதலில் எஸ்.எச்.2 பிரிவினர், கையால் துப்பாக்கியின் எடையைத் தாங்க முடியாதவர்கள், தாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தாங்கி ஸ்பிரிங்கின்மேல் நிற்கிறது. எடையை வாங்கிக்கொள்ளும், ஆட்டத்தை அடக்காது. ஆட்டத்தை அடக்கும் வேலை வீரருடையதுதான். 2021இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் 249.6 புள்ளி எடுத்துத் தங்கம் வென்ற அவனி லெகரா சக்கர நாற்காலியில் அமர்ந்து சுட்டாலும் எஸ்.எச்.1 பிரிவு என்பதால் துப்பாக்கியின் எடையைத் தாமே தாங்கினார். எதைத் தாங்கியிடம் விடலாம், எதை விடக் கூடாது என்று இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். நம் பயிற்சியில் இல்லாதது இந்தப் பிரிப்புதான்.

மிச்சமிருப்பது பாதுகாப்பு வாதம். மூட்டையில் கிடந்தால் துப்பாக்கி முனை கண்டபடி திரும்பாது என்கிறார்கள். புதியவர் கையில் முதல் சில நாள்களுக்கு இது உண்மை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முனையைத் திருப்பாமல் வைக்கும் மூட்டை, இலக்கைத் தாண்டிய குண்டை நிறுத்தாது. 2021 டிசம்பர் 30 அன்று பக்கத்து மாவட்டத்தில் நார்த்தாமலையை அடுத்த பசுமலைப்பட்டி பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு ஒன்று வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பட்டது. சில நாள்களில் அவன் இறந்துபோனான். மலை இருக்கும் இடத்திலேயே இந்த நிலை. பட்டுக்கோட்டையைச் சுற்றி வயலும் தென்னந்தோப்பும் தவிர மறிப்பு எதுவும் இல்லை, பாயிண்ட் 22 தோட்டாவோ ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டும். இங்கே பயிற்சிக் களம் அமைப்பவர்கள் மூட்டை தைக்கச் செலவிடும் மணலுக்கு முன்னால் இலக்குக்குப் பின்னே எத்தனை லாரி மண் கொட்டப்போகிறார்கள் என்பதைச் சொல்லட்டும். அதன்பின், கேடட்டின் அட்டையில் மூட்டையில் சுட்ட புள்ளியையும் மூட்டையில்லாமல் சுட்ட புள்ளியையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதட்டும்.