நல்ல முஸ்லிம் என்கிற பிம்பம்

'முஸ்லிம்கள் பற்றிய பிம்பத்தைச் சீர்செய்யணும்' என்று தோழர்கள் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. யாருக்குக் காட்ட? 'ரோஜா' (1992) தீவிரவாதியைத் தந்தது. 'விஸ்வரூபம்' (2013) நாயகனையே முஸ்லிமாக்கியது. ஆனால் அவன் இந்திய உளவாளி. அரசுக்கு ஊழியம் பார்த்தால் நல்லவன், இல்லையென்றால் சந்தேகத்துக்குரியவன். ஒரே சொல்லாடல்தான். இடையில் பீடி சுற்றுகிறவளும் மீன் விற்கிறவனும் காணாமல் போகிறார்கள்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) நற்சான்றிதழ் எதையும் நீட்டவில்லை. ஊரை அடக்கி ஆளும் முதலாளியும் முஸ்லிம், அவருக்குப் பணியாத ஏழையும் முஸ்லிம். படித்த இந்து நண்பர், 'எங்க ஊர்ப் பண்ணையார் மாதிரியே இருக்காரேய்யா' என்றார். நல்லிணக்க மேடைகளில், மதத் தலைவர்கள் கைகோத்து நின்ற கூட்டங்களில், இப்படியொரு வார்த்தையை நான் கேட்டதில்லை.