‘ஜகாட்’ எழுப்பும் வினா

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த ‘ஜகாட்’, 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்திற்கான விருதைப் பெற்றது. தீமையைக் குறிக்கும் ‘ஜஹாட்’ என்ற மலாய்ச் சொல், தமிழர் நாவில் திரிந்து படத்தின் பெயராயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் புறம்போக்கு நிலங்களில் ஒதுங்கியோரின் 1990களின் தொடக்ககால வாழ்வே கதைக்களம். பேராக் தோட்டப்புற மக்களுக்கு இஃது அயலார் கதையன்று.

பன்னிரண்டு வயது அப்போய் குறும்பன். கற்பனை வளம் மிக்கவன். கல்வியே மகனை உயர்த்தும் என நம்பும் தந்தை மணியம் அவனை அடித்துத் திருத்த முயல்கிறார். சிறுவனின் மனமோ குண்டர் கும்பலின் பக்கம் சாய்கிறது.

இப்படம் குண்டர்தனத்திற்குப் பொலிவூட்டுகிறது என ஐயுறுவார் உளர். அவ்வையம் பொருந்தாது. தந்தையைக் கொடியவராகக் காட்டாமல், அவர்தம் அன்பையும் அச்சத்தையும் உடன்வைத்துக் காட்டுவதே படத்தின் நேர்மை. வலியவன் கையே வெல்லும் என்பதைப் பிரம்பு கற்பிக்கிறது. கும்பலும் அதையே கற்பிக்கிறது. சிறுவன் ஆசான்களை மாற்றினானேயன்றிப் பாடத்தை மாற்றவில்லை.

பெண்மாந்தர்க்கு உரிய இடம் வாய்க்காமை குறையே. எனினும், குறும்பனைக் ‘கெட்டவன்’ என முத்திரையிடுமுன் ஆசிரியர் ஒவ்வொருவரும் காணத்தக்க படம் இது.