நான்காவதாக வருகிறவன்

விடிவதற்கு முன் மதுரையிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்க்கலாம். உசிலம்பட்டி சாலையில், திருமங்கலம் தாண்டிப் பேரையூர் போகும் வழியில், மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள். முதுகில் ஏதாவதொரு ராணுவ, போலீஸ் பயிற்சி அகாடமியின் பெயர் அச்சிட்ட பனியன். சிலர் காலில் தேய்ந்த ஷூ, சிலர் வெறுங்கால். இவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்கு 1,600 மீட்டர். 2022-இல் ராணுவத்துக்கு அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தபோது வகுத்த விதிப்படி, அந்தத் தூரத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண். அடுத்த 15 விநாடிக்குள் வந்தால் 48. மாநில இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர், 7 நிமிடம். மைல் என்பது 1,609 மீட்டர். உலகம் மைல் என்று கொண்டாடும் ஓட்டத்தை இந்தச் சீமையில் வேலைக்காக ஊர் ஊராக ஓடுகிறார்கள்.

இத்தனை பேர் ஓடுகிற வட்டாரத்தில் கல்லூரித் தடகளத்தின் 1,500 மீட்டர் மட்டும் ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது? ஓடத் தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்லூரிகள் ஓட்டக்காரர்களைச் சேர்க்கும் முறையிலும், போட்டி நடத்தும் முறையிலும்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரு பல்கலைக்கழகத்தின் பலத்தை அதன் சாம்பியனை வைத்து அளக்கக் கூடாது. எட்டாவதாக வருகிறவர் முதலாமவருக்கு எத்தனை விநாடி பின்னால் வருகிறார் என்று பார்க்க வேண்டும். நம் பகுதிக் கல்லூரிப் போட்டி ஒன்றின் 1,500 மீட்டரை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் ஓடுதளம். ஹீட்ஸ் இல்லாமல் நேராக இறுதி ஓட்டம். துப்பாக்கி வெடித்ததும் முதல் 300 மீட்டருக்கு எல்லோரும் 400 மீட்டர் ஓடுகிறவர்களைப் போலப் பாய்கிறார்கள். அடுத்த சுற்றில் பாதிப் பேரின் தோள் உயர்ந்துவிடுகிறது, கை மார்புக்குக் குறுக்கே ஆடத் தொடங்குகிறது. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது முன்னால் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் ஐம்பது அறுபது மீட்டர் வெற்றிடம். மூன்றாவது இடம் யாருக்கு என்பது நேர்ப்பாதைக்குள் நுழைந்ததும் உறுதியாகிவிடும். அந்த நொடியே நான்காவதாக வருகிறவர் வேகத்தைக் குறைத்து இடுப்பில் கை வைத்துக்கொள்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நம் போட்டிகளில் வழக்கமாக முதல் மூன்று இடங்களுக்குத்தான் புள்ளி: 5, 3, 1. நான்காவது வந்தாலும் பதினான்காவது வந்தாலும் கல்லூரிக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அவருடைய நேரத்தைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதுகூட இல்லை. தான் போன மாதத்தைவிட நான்கு விநாடி முன்னேறியிருக்கிறோமா என்று அந்தப் பையனுக்கே தெரியாது.

குறையைப் பேசுமுன் இந்த முறை செய்திருக்கும் நன்மையைச் சொல்லியாக வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாத இடம், ஹாஸ்டல், மூன்று வேளைச் சாப்பாடு. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இது பட்டத்துக்கான வழி மட்டுமல்ல, வயிற்றுக்குமான வழி. மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் கதையைத் தமிழ்நாடே அறியும். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செய்து வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுகொண்டு, ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு அழைத்து வந்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்த பிறகுதான் தினசரி பஸ் காசு என்ற கவலை இல்லாமல் அவரால் ஓட முடிந்தது. ரயில்வே வேலை வந்தது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஒரு கல்லூரி, ஒரு விடுதி, ஒரு பயிற்சியாளர் மூன்றும் ஒரே பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் போட்டியை வெல்பவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று அரசும் கை கொடுக்கிறது. இவற்றை வெறும் கண்துடைப்பு என்று தள்ளிவிடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை.

ஆனால் ரேவதி ஓடியது 400 மீட்டர். 100, 200 ஓடிக்கொண்டிருந்தவர் பிறகு 400-க்கு மாறினார். பிறவி வேகம் இருந்து, நல்ல கண் ஒன்று கண்டுபிடித்துவிட்டால், குறுந்தூர ஓட்டத்தில் மூன்று நான்கு ஆண்டுகளில் பலன் தெரிய ஆரம்பிக்கும். 1,500 மீட்டர் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. அதற்கு மூச்சின் அடித்தளம் வேண்டும். மாதக்கணக்கில் மெதுவான நெடுந்தூர ஓட்டம், அதன்மேல் வாரம் இருமுறை வேகப் பயிற்சி, இப்படியே ஆறேழு ஆண்டுகள். நம் இளங்கலைப் படிப்பு மூன்று ஆண்டு. ஜூன், ஜூலையில் சேர்க்கை. ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. நவம்பரில் பருவத் தேர்வு. டிசம்பர், ஜனவரியில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குத் தேர்வாகும் ஓரிருவரைத் தவிர மற்றவர்களுக்கு ஓட்ட ஆண்டு அத்தோடு முடிகிறது. கோடையில் மைதானம் காலை ஏழரைக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். அடித்தளம் போட வேண்டிய ஏப்ரல், மே மாதங்கள் இப்படி வீணாகின்றன.

அதனால் உடற்கல்வி இயக்குநர்கள் பள்ளியிலேயே தயாராகி வந்த பையன்களைத் தேடுகிறார்கள். பள்ளி மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியவனை மூன்று கல்லூரிகள் துரத்தும். ஐந்தாவதாக வந்தவனை ஒருவரும் கேட்பதில்லை. பதினேழு வயதில் ஐந்தாவதாக வந்தவன் இருபத்திரண்டு வயதில் முதலாவதாக வரக்கூடிய ஓட்டம் இது. உடல் முதிர முதிரப் பழுக்கும் ஓட்டம். பள்ளிப் பதக்கத்தை மட்டும் பார்த்துச் சேர்க்கும்போது நாம் பல சமயம் முதலில் வளர்ந்தவனைத்தான் பிடிக்கிறோம், மேலும் வளரக்கூடியவனை விட்டுவிடுகிறோம்.

பிடித்தவனையாவது ஒழுங்காக வைத்துக்கொள்கிறோமா? கல்லூரிக்கு ஒட்டுமொத்த சாம்பியன் கோப்பை வேண்டும். 1,500 ஓடுகிறவன் 800-உம் ஓட வேண்டும், 5,000-உம் ஓட வேண்டும், ஆள் குறைந்தால் 4x400 தொடர் ஓட்டத்திலும் பேர் கொடுத்துவிடுவார்கள். காலையில் 5,000 மீட்டர் முடித்து ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டோடு மர நிழலில் படுத்திருக்கும் பையனை மாலையில் 1,500-க்கு எழுப்பி நிறுத்துவார்கள். அவன் வெல்வான். புள்ளியும் வரும். வெல்வதற்குத் தேவையான அளவுக்குமேல் ஒரு அடிகூட அவன் வேகமாக ஓடமாட்டான், ஏனென்றால் மறுநாள் 800 இருக்கிறது. மூன்று ஆண்டும் மெதுவாக ஓடி வென்றே பழகிய ஒருவன் அகில இந்தியப் போட்டியில், சுற்றுக்கு 60, 61 விநாடி என்று ஓடும் கூட்டத்தில் முதன்முதலாக மாட்டிக்கொள்ளும்போது திணறாமல் என்ன செய்வான்?

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடிக்கச் சுற்றுக்கு 82 விநாடி போதும். 1,500 மீட்டரை 4 நிமிடத்தில் ஓடச் சுற்றுக்கு 64 விநாடி வேண்டும். மைலை 4 நிமிடத்துக்குள் முடிக்கச் சுற்றுக்கு 60-க்கும் கீழே. சுற்றுக்கு 82 ஓடுகிறவர்கள் நம் சாலைகளில் நிறைந்திருக்கிறார்கள். 82-க்கும் 64-க்கும் நடுவில் இருக்கிற ஏணிதான் கல்லூரி. அந்த ஏணியில் படிகள் இல்லை என்பதே என் புகார். ஐந்தரை நிமிடத்தைத் தொட்டதும் பையனுக்கு வேலை நிச்சயம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதற்குமேல் ஓட அவனுக்கு ஒரு காரணத்தைக் கல்லூரி தருவதில்லை.

வேலைக்குப் போவதால் ஓட்டம் கெடுகிறது என்று சொல்ல வரவில்லை. இந்தியாவின் 1,500 மீட்டர் சாதனையை 2019-இல் பெர்லினில் 3:35.24-இல் ஓடிய ஜின்சன் ஜான்சன் கோழிக்கோட்டுக் கிராமமொன்றிலிருந்து ராணுவத்துக்குப் போய் வளர்ந்தவர். 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்ற ஜி. லட்சுமணனும் ராணுவ வீரர்தான். லட்சுமணன் நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். அவரையும், 2016 தெற்காசிய விளையாட்டில் அதே இரு தூரங்களிலும் தங்கம் வென்ற எல். சூர்யாவையும் உருவாக்கியவர் லோகநாதன் என்ற ஒரே உள்ளூர்ப் பயிற்சியாளர். மதுரையில் இருக்கும் பழைய கல்லூரிகளின் வசதிகளோடு ஒப்பிட்டால் அவர் கையில் இருந்தது மிகக் குறைவு. ஆனால் பிள்ளைகள் ஒரே குழுவாக ஆண்டு முழுவதும் ஓடினார்கள். இளையவன் மூத்தவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடக் கற்றான். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் யாரும் அவர்களுக்கு டி.சி. கிழித்துக் கொடுக்கவில்லை.

இந்தக் குழு ஓட்டத்தின் மகிமை பழைய செய்தி. 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் 3:59.4-இல் மைலை முடித்தபோது, முதல் சுற்றுகளை பிராஷரும் அடுத்ததை சாட்டவேயும் முன்னால் ஓடி இழுத்துக் கொடுத்தார்கள். இருவரும் அவருடைய நண்பர்கள். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் அது எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு 2022 பிப்ரவரியில் சியாட்டிலில் நடந்தது எடுத்துக்காட்டு: வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்டு மாணவர்கள் ஒரே நாளில் 4 நிமிடத்துக்குள் மைல் ஓடினார்கள். அந்த உள்ளரங்க ஓடுதளம் 307 மீட்டர், வளைவுகள் தாராளமானவை, வேகத்துக்கு உதவுபவை; இப்போதைய காலணிகளும் உதவுகின்றன. முழு உதவித்தொகை, குளிர்காலத்திலும் கூரைக்குள் ஓடும் வசதி, சமயத்தில் ஐந்து ஆண்டுவரை நீளும் கல்லூரிக் காலம் என்று அவர்களுக்கு இருப்பவை நமக்கு இல்லை. பணத்தை விட்டுவிடுவோம். அவர்களிடமிருந்து நாம் இரவல் வாங்கக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவில்லை. அங்கே சாம்பியன்ஷிப்பில் எட்டு இடங்களுக்குப் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. கிராஸ் கண்ட்ரியில் ஒரு அணியின் முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டித்தான் அணியின் கணக்கு. ஐந்தாமவன் பின்தங்கினால் முதலாமவன் வென்றும் கோப்பை போய்விடும். ஆகவே பயிற்சியாளர் ஐந்தாமவனைத் தேடிப் போய்க் கவனிக்கிறார், ஆறாமவன் அந்த இடத்துக்குப் போட்டி போடுகிறான். அந்த எட்டுப் பேர் உருவானதில் புள்ளி போடும் விதிக்கும் பெரிய பங்கு உண்டு.

பெண்கள் விஷயத்தில் இந்த ஏற்பாட்டின் ஓட்டை இன்னும் பெரியது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்களுக்கு ஓட்டம் 400 மீட்டர்தான். அதனால் கண்மாய்க் கரையில் மைல் ஓடிப் பழகும் பெண்கள் மிகக் குறைவு. வேலையின் கவர்ச்சி அவர்களை 1,500 பக்கம் இழுப்பதே இல்லை. அவர்களுக்குக் கல்லூரி ஒன்றுதான் வாசல். மதுரையில் லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசு கல்லூரி என்று பெண்களுக்கென்றே பெரிய கல்லூரிகள் இருப்பது இந்த நகரத்தின் பேறு. ஆனாலும் பெண்கள் 1,500 தொடக்கக் கோட்டில் ஆண்கள் கூட்டத்தில் பாதிகூட நிற்பதில்லை. திறமை இல்லாமலா? 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளியை ஓடி வென்றவர் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன். பாலினப் பரிசோதனையைக் காட்டி அந்தப் பதக்கத்தை அவரிடமிருந்து பறித்தது நம் விளையாட்டு வரலாற்றின் கொடுமைகளில் ஒன்று. 2019-இல் அதே தோஹாவில் திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்து ஆசியத் தங்கம் வென்று, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடைபெற்றார். இரண்டும் வெவ்வேறு கதைகள். ஒருவருக்கு அநீதி நடந்தது, மற்றவர் மீது குற்றம் உறுதியானது. இரண்டிலும் பொதுவாக எனக்குத் தெரிவது, தனியாக நின்ற ஓட்டக்காரி. பக்கத்தில் அவரோடு ஓடவும், ஆலோசனை சொல்லவும், உடம்பைக் கவனிக்கவும், உரிமைக்காக வாதாடவும் ஒரு குழு இருந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவற்றில் சிலவற்றுக்குப் பணம் வேண்டும்: நல்ல ஓடுதளம், கோடை விடுமுறையிலும் திறந்திருக்கும் ஹாஸ்டல், பட்டம் முடித்தவரை மேலும் இரண்டு ஆண்டு தாங்கும் உதவித்தொகை. இவை வர நாளாகும். புள்ளியை எட்டு இடங்களுக்கு விரிப்பதற்கும், 1,500 ஓடுகிறவரை வேறு ஒரே ஒரு தனிப்போட்டிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதற்கும், ஓடி முடித்த ஒவ்வொருவரின் நேரத்தையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கும் உடற்கல்வி இயக்குநர்கள் கூடும் ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் போதும். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாதம் ஒரு மாலை, கோப்பையும் புள்ளியும் இல்லாமல் நேரத்துக்காக மட்டும் ஒரு 1,500 வைத்து, அகாடமிப் பனியன் போட்ட பையன்களையும் அதில் சேர்த்துக்கொண்டால், சாலையில் ஓடுகிறவர்களில் யார் யார் 82-இலிருந்து 70-க்கு இறங்கக்கூடியவர்கள் என்று ஓர் ஆண்டுக்குள் தெரிந்துவிடும். கல்லூரிகள் அவர்களுக்கு இடம் கொடுக்க அந்த நேரப் பட்டியலே போதுமான சான்றாக இருக்க வேண்டும்.