பனாட்டு முன்னா, பன்னாடை முன்னா? லேடெக்கின் ‘குளோசரீஸ்’ பொதியோடு சில வாரங்கள்

பனைத் தொழிற் சொற்களைத் திரட்டி ஒரு சிறு நூலாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பூரான், குட்டான், கங்குமட்டை, நார்க்கடகம் என்று 120 சொற்கள் சேர்ந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளைக்குப் பூரான் என்றால் கடிக்கிற பூச்சிதான். முளைத்த பனங்கொட்டைக்குள் இருக்கும் இனிப்பான வெண்பருப்பு என்று யாராவது சொல்லவேண்டும். அதற்காக நூலின் பின்னால் ஓர் அருஞ்சொற்பட்டியல் வேண்டியிருந்தது. லேடெக் அச்சுக்கோப்பு முறையில் இந்த வேலைக்கென்றே நிக்கோலா டால்பட் எழுதிய பொதிதான் ‘குளோசரீஸ்’. அதன் விரிவு ‘குளோசரீஸ்-எக்ஸ்ட்ரா’. இரண்டும் இலவசம், டெக்லைவ் தொகுப்போடு கூடவே வருகின்றன.

பட்டியலுக்கு நான் இவ்வளவு மெனக்கெடுவதற்கு ஊரும் ஒரு காரணம். 1842இல் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியை இன்றும் மானிப்பாய் அகராதி என்றே சொல்கிறோம். அதே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான கலைச்சொற்களையும் ஆக்கினார். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்திலேயே அகரவரிசை பிசகாமல் அகராதி போட்ட மண் இது. கணினி வைத்திருக்கும் நான் பிசகலாமா?

முதலில் தோற்றம். பொதி தானாகத் தரும் வடிவம் சாதாரணப் பட்டியல்தான்: சொல் தடித்த எழுத்தில், பக்கத்தில் விளக்கம், கடைசியில் அந்தச் சொல் வந்த பக்கங்களின் எண்கள். விளக்கத்தின் முடிவில் முற்றுப்புள்ளியையும் அதுவே வைக்கிறது. நானும் வைத்திருந்தபடியால் முதற்படியில் எங்கும் இரட்டைப் புள்ளி. ஒரே விருப்பத் தெரிவில் அதை நிறுத்தலாம். பக்க எண்களையும் அப்படியே நிறுத்தலாம். நான் எண்களை விட்டுவைத்தேன். சொல்லைப் பட்டியலில் பார்த்தவர் அது வரும் இடத்துக்குத் திரும்பிப் போக அந்த எண்தான் வழி.

இரண்டு நிரல் அட்டவணையாக மாற்றியதும் இடம் போதவில்லை. ‘லோங்’ என்ற அட்டவணைப் பாணி விளக்கத்துக்கு வரி அகலத்தில் 60 சதவீதம் ஒதுக்குகிறது. தமிழ்ச் சொல் நீளமானது. இருபக்கமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே பெரிய இடைவெளிகள் விழுகின்றன. வலப்பக்கத்தை ஒழுங்கில்லாமல் விடும் ‘லோங்ராகட்’ பாணி நல்ல பலன் தந்தது. அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம்.

சொந்தமாகவே ஒரு பாணி எழுதுவதும் பயப்படும்படியான வேலையல்ல. பட்டியல் எப்படித் தொடங்கி எப்படி முடியவேண்டும், மேல்தலைப்பு என்ன, எழுத்துக் குழுவின் தலைப்பு, பதிவு, உட்பதிவு, குழுக்களுக்கு நடுவே இடைவெளி என்று சில கட்டளைகளை மாற்றி எழுதினால் போதும். பதிவுகளுக்குப் புதிய புலங்களும் சேர்க்கலாம். நான் ‘வழக்கிடம்’ என்றொரு புலம் சேர்த்தேன்; வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவகம் என்ற குறிப்பு விளக்கத்துக்கு முன் சாய்வெழுத்தில் வருகிறது. இந்த ஒரு வசதிக்காகவே பொதியை மெச்சுவேன்.

கஷ்டம் வரிசையில் வந்தது. மேக்இண்டெக்ஸ் என்ற வரிசைப்படுத்தும் நிரல் தமிழ் நெடுங்கணக்கை அறியாது. யூனிகோட் எண் வரிசைப்படியே அடுக்குகிறது. யூனிகோட்டில் ‘ன’ இருப்பது ‘ந’வுக்கு அடுத்து. ஆகவே பனங்கட்டி பழத்துக்கு முன்னால் வந்து நின்றது. புள்ளிக்குரிய எண்ணோ உயிர்க்குறிகளுக்கும் பின்னால். அதனால் பனாட்டு முன்னும் பன்னாடை பின்னும் விழுந்தன. நம் அகராதிகளில் மெய்யே முதலில் வரும். எழுத்துத் தலைப்புக் கேட்டால் தமிழ்ச் சொற்கள் எல்லாவற்றையும் ‘குறியீடுகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ்த் தள்ளிவிட்டது. பார்க்க வயிறு எரிந்தது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு பதிவிலும் வரிசைக்கென்று ஒரு மறைவான குறியீட்டை எழுதலாம். 20 சொல்லுக்கு அது சரி. 120 சொல்லுக்கு நான் ‘பிப்-டூ-ஜிஎல்எஸ்’ என்ற துணைநிரலுக்கு மாறினேன். அதே டால்பட் எழுதியது. ஓட ஜாவா வேண்டும். க் முதலில், க அடுத்து, கடைசியில் ழ, ள, ற, ன என்று நம் வரிசையை விதியாகவே எழுதிக் கொடுக்கலாம். எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுது போனது. அதன்பின் பன்னாடை, பனங்கட்டி, பனாட்டு என்று அழகாக நின்றன.

இன்னொரு சிக்கல் வேற்றுமை உருபு. பொதி ஆங்கிலத்தை நினைத்துச் செய்யப்பட்டது. சொல்லுக்கு ஒருமை, பன்மை என்ற இரண்டு வடிவங்களையே எதிர்பார்க்கிறது. நமக்குப் பனாட்டை, பனாட்டில், பனாட்டோடு என்று சொல்லே உருமாறும். அப்படியான இடங்களில் ‘ஜிஎல்எஸ்லிங்க்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். உருபேற்ற சொல்லை நாமே எழுதலாம். இணைப்பு பட்டியலில் உள்ள மூலச்சொல்லுக்கே போகும். தட்டச்சு கொஞ்சம் கூடும், வசனம் கெடாது.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், ஓட்டுவதற்கு ஸீலேடெக். பழைய பிடிஎஃப்லேடெக்கில் யூனிகோட் தமிழோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

முப்பது சொல்லுக்குள் முடிகிற பட்டியல் என்றால் வேர்டில் கையால் அடுக்கிவிடலாம். அதற்கு மேல், அதுவும் மறுபதிப்பில் சொற்கள் கூடும் என்றால், குளோசரீஸ்-எக்ஸ்ட்ராவையும் பிப்-டூ-ஜிஎல்எஸ்ஸையும் சேர்த்தே எடுங்கள். தோற்றத்தைக் கடைசி நாளிலும் மாற்றலாம். வரிசை விதியை முதல் நாளே எழுதிவையுங்கள்.