மிலோங்காவில் கண்களைக் கவனியுங்கள்

மேடை டாங்கோவில் கால்கள் இடுப்புக்கு மேலே எழும்பும், கைதட்டல் வாங்கும். புவனோஸ் ஐரிஸ் ஊர்க்காரர்கள் தங்கள் மகிழ்ச்சிக்காக ஆடும் டாங்கோவைப் பார்க்க மிலோங்கா என்னும் ஆட்டக்கூடலுக்குத்தான் போகவேண்டும். இடம் ஆடம்பரமாக இருக்கும் என்று எண்ணவேண்டாம். வீயா உர்கீசா பகுதியின் சன்டர்லாண்ட் கிளப்பில் கூடைப்பந்து ஆடுகிற தரையில்தான் சூட் அணிந்தவர்கள் ஆடுகிறார்கள். முதல்முறை போகிறவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதி ஆட்டத்தைத் தவறவிடுவார். ஆட்டம் தொடங்குவது கண்களில்.

மரபு காக்கும் மிலோங்காக்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் எதிர்ப்பக்கமும் அமர்வார்கள். ஆட அழைக்க யாரும் மேசைவரை நடந்துபோவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆண் ஒரு பெண்ணைப் பார்ப்பார். அவளுக்கும் விருப்பமிருந்தால் பார்வையை விலக்காமல் வைத்திருப்பாள். அவர் தலையை மெல்லச் சாய்ப்பார், அவள் இசைவாள். இதுதான் கபெசேயோ. அவர் தளத்தைக் கடந்து தன் எதிரே வந்து நிற்கும்வரை அவள் எழமாட்டாள், அந்தத் தலையசைப்பு பின்வரிசைப் பெண்ணுக்கானதாகவும் இருக்கலாமே! விருப்பமில்லையென்றால் வேறு பக்கம் பார்த்தால் போதும். மறுத்தவளுக்குச் சங்கடமில்லை, மறுக்கப்பட்டவருக்கு அவமானமில்லை, பக்கத்து மேசைக்குக்கூடத் தெரியாது. டாங்கோ உலகம் கண்டுபிடித்தவற்றில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். இதற்காகவே பழைய கூடங்களில் விளக்குகளை முழுதாக அணைப்பதில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் போகிறவர்கள் யாரையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அழைப்பாகிவிடும்.

அழைப்பு எப்போது நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். பாடல்கள் தான்டா என்னும் தொகுப்புகளாக வரும். டாங்கோ என்றால் பெரும்பாலும் நான்கு, வால்ஸ் என்றால் மூன்று, பொதுவாக ஒரே இசைக்குழுவினுடையவை. தேர்ந்தவர்கள் முதல் சில நொடிகளைக் கேட்டுவிட்டுத்தான் தேடத் தொடங்குவார்கள். இசைக்குழுத் தலைவர்களில் ஹுவான் டாரியென்சோவின் துள்ளும் தாளத்துக்கு ஒரு துணை, ஒஸ்வால்டோ புக்லியேசேயின் கனத்த இழுவைக்கு வேறொரு துணை. தான்டா முடிந்ததும் கோர்ட்டினா என்ற சிறு இடையிசை ஒலிக்கும், தளம் காலியாகும், ஆண் தன் துணையை இருக்கைவரை கொண்டுவிடுவார். நடுவில் 'கிராசியாஸ்' என்று நன்றி சொல்லிவிட்டால், இத்துடன் போதும் என்று பொருள். ஆகவே முதல் பாட்டு முடிந்தவுடன் நன்றி சொல்லும் நல்லெண்ணப் பயணிகள் ஜாக்கிரதை.

ஜோடிகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிவரும். முந்துவது பண்பல்ல. புதிதாக நுழைகிறவர், வந்துகொண்டிருக்கும் ஆணின் கண்ணைப் பார்த்து இடம் கேட்டபின்பே காலெடுத்து வைப்பார். கூட்டம் நெருங்க நெருங்க அடிகள் சிறுக்கும், பாதம் தரையை விட்டு எழாது. ஒரு முழம் இடத்தில், மூச்சும் திருப்பமும் பண்டோனியன் என்னும் துருத்தி வாத்தியத்தின் விம்மலோடு சேரும் ஜோடியைக் கண்டுபிடித்து அவர்களையே பின்தொடருங்கள். தளத்தில் நின்று துணைக்குப் பாடம் நடத்துகிறவரைப் பின்தொடரவேண்டாம். அதற்குப் பிராக்டிகா என்று தனி நேரம் உண்டு.

உடையில் முதலிடம் காலணிக்கு. தோல் அடிப்பாகம் இருந்தால் பாதம் எளிதில் வழுக்கித் திரும்பும். பலர் அதைப் பையில் கொண்டுவந்து அங்கேதான் மாற்றிக்கொள்வார்கள். பெண்களின் குதிகால் செருப்பில் கணுக்காலைப் பிடிக்கும் வார் இருக்கும், பாவாடை பின்னடி வைக்க இடம் கொடுக்கும். கன்னத்தோடு கன்னம் சேரும் அணைப்பு என்பதால் ஜனவரிக் கோடையில் ஆண்கள் கைக்குட்டையும் மாற்றுச் சட்டையும் எடுத்துவருவார்கள். யாரென்றே தெரியாத துணைக்கும் அவர்கள் தரும் மரியாதை இது. இளைஞர் கூடும் லா விருத்தாவில் ஜீன்ஸும் செல்லும். லா மார்ஷல் போன்ற இடங்களில் ஆணோ பெண்ணோ, யார் வேண்டுமானாலும் வழிநடத்தலாம். ஆனால் அங்கும் ஆட்டச் சுற்றின் ஒழுங்கு அப்படியேதான்.

கடைசியாக ஒலிப்பது 'லா கும்பார்சிதா'. உருகுவேக்காரரான ஹெரார்தோ மாத்தோஸ் ரோத்ரீகஸ் இயற்றியது. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதைப் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள்.