‘பாஸ்டு’ என்னும் ஒரு சொல்

உங்கள் கணினியின் ஹார்டு டிஸ்க், அதாவது வன்தட்டு, நலமாக உள்ளதா என்று அதனிடமே கேட்க முடியுமா? ஓரளவு முடியும். லினக்ஸ் கணினியில் இதற்கென ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்றொரு கட்டளை உண்டு. இது அடங்கிய இலவச மென்பொருள் தொகுப்பை 2002-இல் தொடங்கியவர் புரூஸ் ஆலன். ஈர்ப்பு அலைகளை ஆராயும் இயற்பியலாளர். நம் துறைக்காரர் என்பதற்காக நான் சலுகை காட்டப் போவதில்லை.

முதலில் ‘எல்எஸ்பிஎல்கே’ என்று தட்டி வன்தட்டின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது ‘எஸ்டிஏ’ என்றிருக்கும். (500 ஜிபி என்று வாங்கிய தட்டு அங்கே 465.8 என்று தெரிந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். கட்டளையோ 1024, 1024 ஆகக் கணக்கிடுகிறது.) பிறகு நிர்வாகி உரிமையுடன் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை, சிறு கோடும் பெரிய ‘எச்’ எழுத்தும் சேர்த்து, அத்தட்டின் பெயருக்கு முன் இடுங்கள். விடை ஒரே சொல்லில் வரும்: ‘பாஸ்டு’. தேறியது!

என் குறை இந்தச் சொல்லின் மீதுதான். இந்தத் தீர்ப்பைச் சொல்வது மென்பொருள் அன்று. வன்தட்டே தனக்குத் தானே வழங்கிக்கொள்ளும் மதிப்பெண் அது. தட்டினுள் இருக்கும் நுண்செயலி பல எண்ணிக்கைகளைக் குறித்து வைக்கிறது. ஒவ்வொன்றையும் 100, 200 போன்ற ஒரு மதிப்பிலிருந்து இறங்கும் அளவாக மாற்றுகிறது. முக்கியமான ஓர் அளவு, தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தொட்டால்தான் ‘தேறவில்லை’ என்கிறது. தேர்வு எழுதுபவரே தேர்ச்சி எல்லையையும் வகுத்தால் தோல்வி அபூர்வமாகத்தானே இருக்கும்?

கோட்டுக்குப் பின் சிறிய ‘ஏ’ எழுத்தை இட்டால் முழு அட்டவணையும் வரும். 5-ஆம் வரிசை, பழுதானதால் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197-ஆம் வரிசை, படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். பல தட்டுகளில் இந்த 197-க்குரிய எல்லை சுழியம். அளவு எவ்வளவு இறங்கினாலும் சுழியத்தைத் தொடாது. ஆகவே இந்த வரிசையால் தட்டு ஒருநாளும் தோற்காது! உண்மை கடைசிப் பத்தியில், மாற்றப்படாத மூல எண்ணில் இருக்கிறது. அதிலும் ஓர் எச்சரிக்கை: முதல் வரிசையின் மூல எண் சில நிறுவனத் தட்டுகளில் கோடிக்கணக்கில் இருக்கும். அது அவர்களின் குறியீட்டு முறை, அஞ்சவேண்டாம்.

அட்டவணையும் முழுக்க நம்பத்தக்கதன்று. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, பழுதான தட்டுகளில் 36 சதவீதத்துக்கு மேற்பட்டவை வெப்பநிலை நீங்கலாக எந்த வரிசையிலும் எச்சரிக்கை தரவில்லை. ஆனால் தன் பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை கண்ட தட்டு, அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வராவிட்டால் நிம்மதி கொள்ளாதீர்கள்.

செய்முறை ஏட்டில் அளவீட்டுக்குப் பதில் ‘சரி’ என்று எழுதும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. மூல எண்களை இவ்வளவு நேர்த்தியாகத் தரும் கட்டளை, அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் ஏன் உச்சியில் தூக்கி வைக்கிறது?

எங்கள் ஆய்வகத்தில் இரண்டாண்டு அளவீடுகள் இருந்த கணினியில் இச்சொல்லை நம்பி நான் பிரதி எடுக்காமல் இருந்தேன். ஒருநாள் அட்டவணையைப் பார்த்தேன்: 197-இல் 24. நீண்ட சுயசோதனையை ஏவினேன். 60 சதவீதம் மீதமிருக்கையிலேயே ‘படிப்பதில் தோல்வி’ என்று நின்றுவிட்டது. அன்றிரவே கோப்புகளைப் பிரதி எடுத்தோம். மூன்று கோப்புகள் வரவில்லை. அப்போதும் உச்சியில் ‘பாஸ்டு’ என்றே இருந்தது.